செம்மண் பாதையில் ஓடும் காருக்குக் கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் சரிவருமா?

செம்மண்சாலை | புதுக்கோட்டை | ஜூன் 2, இரவு 9.10

வணக்கம். என்னிடம் இருப்பது 2017-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வேலைக்குப் போகவர நாளொன்றுக்கு 54 கிலோமீட்டர். அதில் 11 கிலோமீட்டர் தாரே காணாத செம்மண் பாதை. முன்னால் குவாரி டிப்பர் ஒன்று போய்விட்டால் போதும், ஐந்து நிமிடத்துக்குப் பாதை கண்ணுக்குத் தெரியாது. ஏர் ஃபில்டரை 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்கிறது கையேடு. என் காரில் 12,000-க்கே காகித மடிப்புகள் செங்கல் நிறத்துக்கு வந்துவிடுகின்றன, உடனே மாற்றிவிடுகிறேன்.

சென்ற வாரம் மதுரையில் ஒரு கடையில், கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டரைக் காட்டினார்கள். விலை 6,200 ரூபாய். கழுவும் திரவமும் எண்ணெயும் அடங்கிய பெட்டி தனியாக 1,800. கார் இருக்கும்வரை இனி ஃபில்டரே வாங்க வேண்டாம், மைலேஜ் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடும், இழுவையும் கூடும் என்றார் கடைக்காரர். இப்போது போடும் காகித ஃபில்டர் 380 ரூபாய். மகளின் படிப்பு முடியும்வரை, அதாவது இன்னும் 10 ஆண்டுகளுக்கு, இந்தக் காரைத்தான் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

பந்தயப்பாதை | கோவை | ஜூன் 2, இரவு 9.48

தாராளமாக வாங்குங்கள் நண்பரே. ஐந்தாண்டாக கே அண்ட் என் பயன்படுத்துகிறேன். 1969-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய நிறுவனம், இந்த வகை ஃபில்டருக்கே மறுபெயர் போல ஆகிவிட்டது. பருத்தித் துணி அடுக்குகளை இரண்டு அலுமினிய வலைகளுக்கு நடுவே வைத்து மடித்து, சிவப்பு எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அந்த எண்ணெய்ப் பசைதான் தூசியைப் பிடிக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் நாட்களில் மேல் சுழற்சியில் இன்ஜின் திணறாமல் மேலே போவதைக் காலடியில் உணர்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எழும் ஓசையும் தனி. ஐந்தாண்டில் இரண்டே முறைதான் கழுவினேன்.

திருச்செங்கோடு ரிக் | திருச்செங்கோடு | ஜூன் 3, காலை 5.35

கோவைத் தம்பி தன் அனுபவத்தை உண்மையாகச் சொல்கிறார். ஆனால் அவர் ஓட்டுவது தார்ச் சாலை. கேட்டவர் ஓட்டுவது செம்மண். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

நான் 22 ஆண்டுகள் போர்வெல் ரிக் லாரிகளில் மெக்கானிக்காக இருந்தவன். ரிக்கில் கம்ப்ரசரை ஓட்டும் இன்ஜின், குழியிலிருந்து கிளம்பும் கல்மாவுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் மூச்சு விடுகிறது. உலகத்தில் அதைவிட மோசமான காற்று எந்த இன்ஜினுக்கும் வாய்க்காது. அங்கே என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் காற்றைச் சுழற்றி மண்ணை உதறிவிடும் ஓர் அமைப்பு, அதன் பின் பெரிய காகித ஃபில்டர், அதற்கும் உள்ளே காவலுக்கு இன்னொரு சிறிய ஃபில்டர். பல லட்சம் ரூபாய் இன்ஜினைக் காக்கக் காகிதத்தை நம்புகிறார்கள். காகிதம் மலிவு என்பதால் தாழ்வு என்று நினைக்க வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பெட்டியின் மேல் 97 சதவீதம், 99 சதவீதம் என்று போட்டிருந்தால், அடடா இரண்டு புள்ளிதானே வித்தியாசம் என்று கடந்துவிடுவோம். பிடிப்பதைப் பார்க்காதீர்கள், விடுவதைப் பாருங்கள். 100 கிராம் தூசி வந்தால் ஒன்று 3 கிராமை உள்ளே விடுகிறது, மற்றொன்று 1 கிராமை விடுகிறது. மூன்று மடங்கு. நல்ல காகித ஃபில்டர் 99.5 பிடித்தால் அரை கிராம்தான் உள்ளே போகும்; அப்போது வித்தியாசம் ஆறு மடங்கு. எந்த நிறுவனத்துக்கு எந்த எண் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சுத்தமான சாலையில் ஆண்டு முழுக்க ஓடினாலும் ஃபில்டருக்குள் வரும் தூசி கொஞ்சம். கொஞ்சத்தில் மூன்று மடங்கும் கொஞ்சம்தான். டிப்பர் பின்னால் ஓடும் காருக்கு அப்படி இல்லை.

உள்ளே போன தூசி என்ன செய்யும்? மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான் கனம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அந்த இடுக்கில் நுழையும் அளவுள்ள பொடிதான் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் மணலைவிட, கையில் எடுத்தால் மாவு போல இருக்கிறதே, அந்தப் பொடிதான் பகை. ஒரே நாளில் தெரியாது. 30,000, 40,000 ஓடிய பிறகு ஆயில் குறையத் தொடங்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். அப்போது யாருக்கும் ஏர் ஃபில்டர் ஞாபகம் வராது.

கணக்கன் | சென்னை, அம்பத்தூர் | ஜூன் 3, காலை 8.20

இன்ஜின் உதிரிபாகச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மைலேஜ் 2 கிலோமீட்டர் கூடும் என்ற வாக்குறுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் அதை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று வைத்தால், 11 கிலோ காற்று. அதாவது ஏறக்குறைய 9,000 லிட்டர். அவ்வளவு காற்றும் அந்த ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. அப்படியானால் ஃபில்டர் எளிதாக விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெட்ரோல் காரில் காற்றை உண்மையாகவே தடுத்து வைத்திருப்பது ஃபில்டர் அல்ல, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குக் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு. நாம் 60-இல் போகும்போது அந்தத் தகடு பெரும்பகுதி மூடித்தான் இருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் நம் கால் தன்னையறியாமல் ஒரு நூலளவு கூடுதலாக மிதிக்கிறது, தகடு அவ்வளவு திறக்கிறது, அதே அளவு காற்று உள்ளே போகிறது. எவ்வளவு காற்று வந்தது என்பதை சென்சார் பார்த்து அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு விடுகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைச் சரிபார்க்கிறது. மைலேஜ் மாற வழியில்லை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைக் கார்களை வைத்தே சோதித்தது. வேண்டுமென்றே அடைத்த ஃபில்டரோடு ஓட்டியும், கார்புரேட்டர் இல்லாத இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. முழு வேகத்தில் முடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் வரை பாதிக்கப்பட்டது. அடைத்துப் போன ஃபில்டருக்கே நிலைமை இது. நல்ல காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பருத்தி ஃபில்டர் போட்டால் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. கார்புரேட்டர் காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக இழுக்கும். மாற்றினால் மைலேஜ் திரும்பும். அம்பாசடரும் பழைய மாருதி 800-உம் ஓட்டிய தலைமுறை சொன்ன சரியான பாடத்தை, அது பொருந்தாத இன்ஜினுக்கு இன்று விற்கிறார்கள்.

பந்தயப்பாதை | கோவை | ஜூன் 3, காலை 9.05

மைலேஜ் பற்றி நான் சொல்லவே இல்லை ஐயா, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு த்ராட்டிலில் தகடு திறந்துவிடுகிறதே, அப்போது ஃபில்டர்தானே தடை?

கணக்கன் | சென்னை, அம்பத்தூர் | ஜூன் 3, மதியம் 1.15

சரியான கேள்வி. முழு த்ராட்டிலில் ஃபில்டருக்குப் பங்கு உண்டு. 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 சுழற்சியில் நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். அந்த ஓட்டத்தில் புதுக் காகித ஃபில்டர் உண்டாக்கும் அழுத்த இழப்பு பெரும்பாலும் 1 கிலோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். காற்றழுத்தமே 101 கிலோபாஸ்கல். ஆகவே தடையை முழுவதும் துடைத்துவிட்டாலும் கிடைக்கக்கூடியது 1 சதவீதம். 80 குதிரைத்திறன் இன்ஜினில் ஒன்று கூட முழுதாகத் தேறாது. பருத்தி ஃபில்டர் தடையை முழுவதும் துடைப்பதும் இல்லை. பந்தயத்தில் அந்த அரைக் குதிரைத்திறனுக்கு மதிப்பு உண்டு, அந்த இன்ஜினை அடிக்கடி பிரித்தும் பார்ப்பார்கள். கந்தர்வகோட்டைச் சாலையில் அதனால் பயன் இல்லை.

நீங்கள் உணரும் வித்தியாசத்தில் ஓசைக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து. ஓசை பிடித்திருக்கிறது என்பதே ஃபில்டர் வாங்க ஒரு நியாயமான காரணம்தான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

பழைய ஜீப் | தேனி | ஜூன் 3, மாலை 6.30

கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் ஏதோ புதிது போலப் பேசுகிறோம். எங்கள் வீட்டு மாசே பெர்குசன் டிராக்டரிலும் அப்பாவின் மகிந்திரா ஜீப்பிலும் இருந்தது எண்ணெய்த் தொட்டி ஃபில்டர். அடியில் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய். உள்ளே வரும் காற்று அந்த எண்ணெயின் மேல் மோதுவது போல வந்து சட்டென்று திரும்பி மேலேறும். கனமான மண் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். மிச்சத்தை மேலே இருக்கும் நனைந்த கம்பி வலை பிடிக்கும். உழவு முடிந்ததும் அப்பா அதைக் கழற்றி டீசலில் அலசுவார். அடியில் படிந்திருக்கும் சேற்றை எங்களிடம் காட்டி, இது இன்ஜினுக்குள் போயிருக்க வேண்டியது என்பார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏழு வயது, இன்றும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஃபில்டர் ஏன் போய்விட்டது? வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் காற்றின் வேகம் குறையும்போது அது தூசியைச் சரியாகப் பிடிக்காது. சரிவில் நின்றால் எண்ணெய் ஒருபக்கம் சாயும். காகிதம் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி பிடித்ததால் அதன் இடத்துக்கு வந்தது.

தஞ்சை டீசல் | தஞ்சாவூர் | ஜூன் 3, இரவு 10.20

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதைப் படித்தாவது ஒருவர் தப்பட்டும்.

என்னுடையது 1.3 லிட்டர் டீசல். பருத்தி ஃபில்டர் போட்டு 20,000 நன்றாகவே ஓடியது. பிறகு நானே கழுவினேன். எண்ணெய் தடவும்போது, கூடினால் தூசி நன்றாக ஒட்டும் என்று நினைத்து, மடிப்பெல்லாம் சொட்டச் சொட்ட ஊற்றினேன். இரண்டு வாரத்தில் வண்டி இழுவையை இழந்தது. கும்பகோணம் சாலையில் ஒரு லாரியைத் தாண்ட முடியவில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் டர்போ போய்விட்டது, 48,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். அதற்கு அடுத்த குழாயில் உள்ள மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றிக் காட்டினார். அதன் நுண்ணிய சூடான தகட்டின் மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு பூச்சு. காற்று கடக்கும்போது தகடு எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் அது காற்றை அளக்கிறது. பூச்சு படிந்ததும், வரும் காற்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. இசியு அதற்கேற்ப டீசலைக் குறைத்துவிட்டது. சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, கையால் தொடாமல் உலரவிட்டு மாட்டினார். கார் பழையபடி ஆனது. அவர் வாங்கியது 600 ரூபாய்.

ஃபில்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அளவு மீறியது நான்தான். ஆனால் காகித ஃபில்டரில் இந்தத் தவறைச் செய்யவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

செம்மண்சாலை | புதுக்கோட்டை | ஜூன் 4, காலை 7.00

எல்லோருக்கும் நன்றி. தஞ்சை நண்பரே, படிக்கும்போதே பதறியது. என் பெட்ரோல் காரில் அந்த சென்சார் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கன் | சென்னை, அம்பத்தூர் | ஜூன் 4, காலை 7.40

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் தொடக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒயர் செருகிய சிறிய கறுப்புப் பாகம் காற்றுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். பல சிறிய பெட்ரோல் கார்களில் அது கிடையாது. த்ராட்டிலுக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அளந்து இசியு காற்றைக் கணக்கிடும். இக்கால டீசல் கார்களில் பெரும்பாலும் உண்டு. சந்தேகமாக இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

குன்னூர் வாணி | குன்னூர் | ஜூன் 4, மதியம் 2.25

பருத்தி ஃபில்டரை எட்டாண்டாகச் சிக்கலின்றிப் பயன்படுத்துகிறேன், அதனால் இதன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊரில் தூசி குறைவு, எல்லாம் தார்ச் சாலை. காரை இன்னும் பல ஆண்டு வைத்திருப்பேன். வண்டி வேலை எனக்குப் பிடிக்கும், நேரம் ஒதுக்கிச் செய்வேன். இந்த மூன்றும் சேர்ந்திருப்பவர்களுக்கு இது நல்ல பொருள். ஒன்று குறைந்தாலும் யோசிக்க வேண்டும்.

கழுவுவதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. முதலில் ஃபில்டரை மெல்லத் தட்டிப் பெருந்தூசியை உதிர்க்கிறேன். இரு பக்கமும் கழுவும் திரவத்தைத் தெளித்து பத்து நிமிடம் விடுகிறேன். அது காய்ந்துவிடக் கூடாது, காய்ந்தால் அழுக்கு மறுபடி இழையில் பிடித்துக்கொள்ளும். அலசும்போது தண்ணீர் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கமாக ஊற்றினால் வெளியே இருந்த மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். குழாயைச் சிறிதாகத் திறந்தால் போதும். வாகனம் கழுவும் பிரஷர் பம்பைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், துணி துவைக்கும் தூள் எதுவும் ஆகாது.

பிறகு உலர்த்துவது. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஹேர் டிரையர், காற்றுக் குழாய், அடுப்படி எல்லாமே இழையைக் கெடுக்கும். தானாக உலர வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் நிழலில் வைத்தாலே அரை நாளில் உலரலாம். குன்னூரில் மழைமாதத்தில் எனக்கு இரண்டு நாள் ஆகிறது. அந்த இரண்டு நாளுக்கென்று ஒரு காகித ஃபில்டரை வாங்கி வைத்திருக்கிறேன். ஃபில்டர் இல்லாமல் கடைவரை போய்வருகிறேன் என்று யாரும் வண்டியை எடுக்க வேண்டாம்.

எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடு. இருபது நிமிடம் விட்டால் அதுவாகவே இழையில் பரவும். பிறகு வெளுப்பாக எங்காவது தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு சொட்டு. மறுபக்கத்தில் எண்ணெய் தேங்கியிருந்தால் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஓர் இரவு விட்டுத்தான் மாட்டுவேன். தஞ்சை அண்ணனுக்கு நடந்தது இந்த இடத்தில்தான்.

மஸ்கட் தெரு | மஸ்கட், ஓமன் | ஜூன் 4, மாலை 5.10

எண்ணெய் வேண்டாத வகையும் இருக்கிறது. செயற்கை இழையில் செய்தது, வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், சென்சாருக்கு ஆபத்து இல்லை. தார்ச் சாலைக் காருக்கு அதை வைத்திருக்கிறேன். ஆனால் வார இறுதியில் வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளின் சரளைப் பாதையில் போகும் பெரிய வண்டிக்குத் தயாரிப்பாளரின் காகித ஃபில்டர்தான் போடுகிறேன். பாலைவனப் பொடி எவ்வளவு நுண்மையானது என்பதைக் கதவு ரப்பரைத் தாண்டி உள்ளே வந்து சீட்டில் படியும்போது தெரிந்துகொண்டேன். எந்த வகை வாங்கினாலும் ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் கேளுங்கள். அளந்த தூசியை ஊதி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தாங்கியது, எவ்வளவு தடுத்தது என்று மூன்றையும் பார்க்கும் சோதனை அது. காற்றோட்டத்தை மட்டும் அச்சடித்து, பிடிப்பைப் பற்றிப் பேசாத பெட்டியை நான் தொடுவதில்லை.

புதுவண்டி | வேளச்சேரி | ஜூன் 4, இரவு 8.00

பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போடலாம் என்கிறார்களே, அது இன்னும் நல்லதா?

கணக்கன் | சென்னை, அம்பத்தூர் | ஜூன் 4, இரவு 8.35

வேண்டாம். பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது. திறந்த கூம்பு, பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. ஃபில்டரில் தேடிய 1 சதவீதத்துக்காக 9-ஐ இழப்பீர்கள். குழாயை நீட்டி பம்பருக்குக் கீழே வைக்கும் வகைகளும் உண்டு. நீங்கள் இருப்பது வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர். தாழ்வாக வைத்த வாயில் தண்ணீர் ஏறினால் இன்ஜின் அதைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

திருச்செங்கோடு ரிக் | திருச்செங்கோடு | ஜூன் 5, காலை 5.20

புதுக்கோட்டைத் தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

செங்கல் நிறம் வந்துவிட்டது என்பதாலேயே ஃபில்டர் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. காகிதத்தின் மேல் தூசி ஒரு மெல்லிய பூச்சாகப் படியும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து வடிகட்டுகிறது. புதிதாக மாட்டிய நாளைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நன்றாகப் பிடிக்கும். அதற்காக அடைக்கும்வரை விடவும் கூடாது. உங்கள் பாதைக்கு 12,000 என்பது நியாயமான இடைவெளிதான், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் சர்வீஸுக்குப் போகும்போது காற்றுக் குழாயை வைத்துப் புர்ரென்று ஊதுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் காகிதத்தில் ஊசித்துளை விழும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், துளை வழியே மண் போகும். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் ஃபில்டருக்குப் பின்னால் பல்பைப் பிடித்துப் பாருங்கள். ஒளி மங்கலாகப் பரவலாம். புள்ளியாக எங்காவது பளிச்சென்று தெரிந்தால் அந்த ஃபில்டரைத் தூர எறியுங்கள்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். எந்த ஃபில்டர் என்று மூன்று நாளாகப் பேசுகிறோம், அது உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஃபில்டர் ஓரத்து ரப்பர் சரியாக அமராமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், காற்று சுலபமான வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். அப்போது 380 ரூபாய் ஃபில்டரும் ஒன்று, 6,200 ரூபாய் ஃபில்டரும் ஒன்று. பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு வந்தால் எழுதுங்கள்.

செம்மண்சாலை | புதுக்கோட்டை | ஜூன் 7, மாலை 6.45

ஐயா, நீங்கள் சொன்னபடி இன்று பெட்டியைத் திறந்தேன். துணியில் சிவப்பு வந்தது.

கைகால் ஓடவில்லை. கூர்ந்து பார்த்தபோது, பெட்டியின் கீழ் மூலையில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. அந்த மூலையில் ஃபில்டரின் ரப்பர் மேல் அழுத்தமே இல்லை. அங்கிருந்து குழாய்க்குள் விரல் அகலத்தில் ஒரு செம்மண் கோடு போகிறது. கடைசியாக ஃபில்டரை மாற்றிய இடத்தில் உடைத்திருக்க வேண்டும், எப்போது என்று தெரியவில்லை. ஆயில் இதுவரை குறையவில்லை, சென்ற மாதமும் அளவுக்குச்சி மேல்கோட்டில்தான் இருந்தது.

திருச்செங்கோடு ரிக் | திருச்செங்கோடு | ஜூன் 7, இரவு 7.10

பதற வேண்டாம். ஆயில் குறையவில்லை, புகை இல்லை என்றால் நேரத்தோடு பார்த்துவிட்டீர்கள். கிளிப்பைக் கம்பி கட்டிச் சமாளிக்காதீர்கள். தனியாகக் கிடைத்தால் கிளிப், கிடைக்காவிட்டால் பெட்டியையே மாற்றுங்கள். மாட்டும் முன் பெட்டியின் இரு பாதியையும் குழாயையும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து உலர்த்துங்கள். ரப்பர் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் ஒரு கோடு தடவுங்கள், மிகக் கொஞ்சம். பிறகு இன்ஜின் ஆயிலை இந்த முறை நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். உள்ளே போன மண்ணில் ஒரு பகுதி அதில்தான் மிதக்கிறது.

கணக்கன் | சென்னை, அம்பத்தூர் | ஜூன் 7, இரவு 9.00

முடிந்தால் வடித்த ஆயிலில் சிறிது எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்து சிலிக்கான் அளவைப் பார்க்கலாம். மண் உள்ளே போனதற்கு அது நேரடிச் சாட்சி. ஆறு மாதம் கழித்து மறுபடி கொடுத்தால் சரிசெய்தது வேலை செய்கிறதா என்பதும் எண்ணில் தெரிந்துவிடும்.

செலவையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், 10 ஆண்டில் 1,50,000. 12,000-க்கு ஒரு காகித ஃபில்டர் என்றால் 13 ஃபில்டர், 4,940 ரூபாய். பருத்தி ஃபில்டர் 6,200, கழுவும் பெட்டி 1,800, உங்கள் பாதைக்கு அதையும் 12,000-க்கு ஒருமுறை கழுவியாக வேண்டும் என்பதால் குறைந்தது இன்னொரு பெட்டி, 9,800 ரூபாய். அவ்வளவு கொடுத்தும் கூடுதல் வேலைதான் உங்களுக்கு.

பந்தயப்பாதை | கோவை | ஜூன் 7, இரவு 9.40

முதல் நாள் தாராளமாக வாங்குங்கள் என்று எழுதியவன் நான். அந்தப் பாதையைப் பற்றி யோசிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் நண்பரே. என் காரின் பெட்டியையும் இன்று துடைத்துப் பார்த்தேன். லேசான எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, மண் இல்லை. நான் பருத்தியிலேயே தொடர்கிறேன்.

செம்மண்சாலை | புதுக்கோட்டை | செப்டம்பர் 14, மாலை 5.30

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கிளிப் தனியாகக் கிடைக்கவில்லை, பெட்டியின் கீழ்ப்பாதியை மாற்றினேன், 1,150 ரூபாய். புதுக் காகித ஃபில்டர், ஐயா சொன்னபடி ரப்பரில் ஒரு கோடு கிரீஸ், புது ஆயில். மதுரைக் கடைக்கு நான் திரும்பிப் போகவில்லை. இதுவரை 4,100 கிலோமீட்டர். இந்த ஆண்டு மழை பிந்தியதால் பாதை முழுக்கப் பொடியாகவே கிடந்தது. இன்று பெட்டியைத் திறந்தேன். ஃபில்டரின் முகம் செங்கல் நிறம். அந்தப் பக்கம் குழாயை வேட்டித் துணியால் இரண்டு முறை துடைத்தேன். வெள்ளையாகவே வந்தது. படத்தை இணைத்திருக்கிறேன்.

திருச்செங்கோடு ரிக் | திருச்செங்கோடு | செப்டம்பர் 15, காலை 5.40

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக அமர்ந்திருக்கிறது. வலது மேல் கிளிப் பாதிதான் ஏறியிருப்பது போலத் தெரிகிறது, நாளை வண்டியை எடுக்கும் முன் அதை ஒருமுறை அழுத்திவிடுங்கள் தம்பி.